பழைய பி.எம்.டபிள்யூவுக்கு உண்மையில எவ்வளவு சேர்விஸ் வேணும்?

போன எபிசோட்டில மென்பொருள் அப்டேட் பற்றிக் கதைக்கேக்க, பராமரிப்பு அட்டவணை எண்டதை ஆர், எதை வைச்சு எழுதினம் எண்ட கேள்வியோட நிப்பாட்டினேன். அதுக்குப் பிறகு வந்த செய்திகளில் கனக்க கார் பற்றினதுதான். பலேர்மோவில இருந்து எழுதின ஆக்களின்ர கேள்வி கிட்டத்தட்ட ஒண்டு: மூண்டாம் கை பி.எம்.டபிள்யூவோ மெர்சிடீஸோ அவுடியோ வாங்கியாச்சு, தல்யாந்தோவுக்குப் போனால் நீட்டுக்கு ஒரு பேப்பர் தருகினம், அதில் எது தேவை, எது சும்மா? இலக்கங்களை வாசிச்சுக் காட்டினால் காதில் நிக்காது. அதால இந்த முறை பாடத்தை எழுத்திலேயே தாறன்.

இத்தாலிக்கு வெளியில இருந்து வாசிக்கிறவைக்கு ஒரு சொல் விளக்கம். தல்யாந்தோ எண்டால் கொம்பனி அட்டவணைப்படி செய்யிற சேர்விஸ். ரெவிசியோனே வேற. அது சட்டம் கேட்கிற பரிசோதனை. புதுக் காருக்கு முதல் தரம் 4 வருஷத்தில், பிறகு 2 வருஷத்துக்கு ஒருக்கா. ரெவிசியோனேயில் பிரேக், லைற், டயர், புகை எல்லாம் பார்ப்பினம். எஞ்சின் ஒயில் எத்தனை வருஷப் பழசு எண்டு பார்க்க மாட்டினம். "ரெவிசியோனே பாஸ், அப்ப கார் ஓகே" எண்டு அப்பா சொன்னால், அதில் பாதிதான் உண்மை.

அப்பாவை ஏன் இழுக்கிறேன் எண்டால், இந்தப் பேப்பரை வாசிக்கிற வேலை எங்கட தலைமுறைக்குத்தான் வந்திருக்கு. ஒஃபிச்சீனாவில் மெக்கானிகோ சிசிலியன் கலந்து கதைப்பார், பிரெவென்டிவோ இத்தாலியனில் இருக்கும், அப்பா "என்னவாம்?" எண்டு தமிழில் கேட்பார். அவர் கையெழுத்துப் போடுறதுக்கு முதல் உங்கட முகத்தைப் பார்ப்பார். வீட்டு வேலையிலயும் வயசானவையைப் பராமரிக்கிற வேலையிலயும் சேர்த்த காசு அது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாத்துக்கும் ஓம் சொன்னால் ஒரு மாசச் சம்பளம் போகலாம். எல்லாத்துக்கும் வேண்டாம் சொன்னால் அதைவிடப் பெரிசாப் போகலாம். அதால ஒவ்வொரு வரியையும் தனித்தனியா நிறுக்கப் பழகோணும்.

அட்டவணையை எழுதினவர் உங்களை நினைச்சு எழுதயில்லை

முதல் விளங்க வேண்டியது இது. விலைகூடின ஜெர்மன் கார்களில் கனக்க புதுசாப் போறது கொம்பனிகளுக்கும் லீசிங்குக்கும். அந்த முதல் ஆள் மூண்டு நாலு வருஷத்தில் காரைத் திருப்பிக் கொடுத்திட்டுப் போயிடுவார். அவருக்கு வேண்டியது குறைஞ்ச தரம் கராஜுக்குப் போற கார். அதால சேர்விஸ் இடைவெளி நீளமா இருக்கிறது ஒரு விற்பனைக் கதை. ஐரோப்பாவில் பி.எம்.டபிள்யூவின் எஞ்சின் ஒயில் இடைவெளி 30,000 கிலோமீட்டர் அல்லது 2 வருஷம் வரைக்கும் போகுது. ஃபொக்ஸ்வாகன் குழுமத்தில் (அவுடியும் அதுக்குள்ளதான்) இரண்டு முறை இருக்கு: நீண்ட இடைவெளி எண்டால் 30,000 அல்லது 2 வருஷம் வரை, நிலையான இடைவெளி எண்டால் 15,000 அல்லது 1 வருஷம். ஒரே எஞ்சினுக்கு இரண்டு விடை. கூடுதலாக் குறுந்தூரமும் நகரமும் ஓடுற ஆளுக்கு இரண்டாவது பொருந்தும் எண்டு கொம்பனியே ஒத்துக்கொள்ளுது எண்டுதான் நான் இதை வாசிக்கிறேன்.

பலேர்மோ ஓட்டம் எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும். பல்லாறோவில இருந்து வேலைவீட்டுக்கு, அங்கயிருந்து பள்ளிக்கூடத்துக்கு, பின்னேரம் சிர்கொன்வல்லாசியோனேயில் முக்கால் மணித்தியாலம் நிண்டு நிண்டு. எஞ்சின் ஒழுங்காச் சூடாக முதல் நிப்பாட்டினால் ஒயிலுக்குள்ள எரியாத எரிபொருளும் தண்ணீரும் சேரும், டீசல் காரில் புகைவடி அடைக்கும். ஓகஸ்ட்டில் கலியாணவீட்டுக்கு எண்டு சூரிச்சுக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல ஓடுறது கடும் ஓட்டம் எண்டு அம்மா பயப்படுவா. எஞ்சினைக் கேட்டால் அந்த ஓட்டம்தான் அதுக்குச் சுகம். வடி சூடேறித் தன்னைத்தானே எரிச்சுச் சுத்தமாக்கிறது அப்பிடியான ஓட்டத்திலதான்.

டாஷ்போர்டில் "அடுத்த சேர்விஸ் 11,000 கி.மீ." எண்டு காட்டுதே, அதை நம்பலாமா? அங்க மூண்டு விதமான எண்கள் ஒரே எழுத்தில் வருது. பி.எம்.டபிள்யூவில் பிரேக் பாட்டுக்கு உண்மையான சென்சர் இருக்கு. பாட் தேய்ஞ்சு வர அதில் இருக்கிற கம்பியும் தேய்ஞ்சு அறும். எஞ்சின் ஒயில் எண், எரிச்ச எரிபொருளையும் ஓட்டத்தையும் வைச்சு மென்பொருள் போடுற கணக்கு. பிரேக் ஒயில் எண்டது வெறும் கலண்டர். அதை ஒருத்தரும் அளக்கயில்லை. இன்னும் சில பொருட்கள் அந்தத் திரையில் வரவே வராது. அதில் முக்கியமான ஒண்டைக் கீழ சொல்லுறன்.

விமானக்காரர் கண்டுபிடிச்சது

"எதைக் காலத்துக்குக் காலம் மாத்தோணும், எதைப் பார்த்துக்கொண்டு விடலாம்" எண்ட கேள்வியை ஆகவும் கடுமையாக் கேட்டவை விமானக் கொம்பனிகள்தான், ஏனெண்டால் அங்க பிழைச்சால் உயிர், அளவுக்கு மிஞ்சிச் செய்தால் கோடிக்கணக்கில் செலவு. யுனைட்டட் எயார்லைன்ஸில் வேலை செய்த ஸ்ரான்லி நோலன், ஹவார்ட் ஹீப் எண்ட இரண்டு பேர் 1978 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக ஒரு அறிக்கை எழுதிச்சினம். அதுவரைக்கும் எல்லாரும் நம்பினது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வயசு இருக்கு, அந்த வயசுக்கு முதல் கழற்றி மாத்தினால் பாதுகாப்பு எண்டு. தரவைப் பார்த்தால், விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டும்தான் வயசு போகப் போகப் பழுதாகிற வகை. மிச்சம் 89 சதவீதத்துக்கு வயசெல்லை வைச்சு ஒரு பிரயோசனமும் இல்லை. அதிலயும் 68 சதவீதம், புதுசாப் பூட்டின உடனதான் கூடுதலாப் பழுதாகி, அந்தக் கட்டம் தாண்டினால் பிறகு ஒரே சீரா இருக்கிற வகை.

இந்தச் சிந்தனை வாறதுக்கு முதல் வடிவமைச்ச டி.சி. 8 விமானத்தில் 339 பாகங்களுக்குக் கட்டாயக் காலமுறைத் திருத்தம் இருந்தது. பிறகு வந்த டி.சி. 10 இல் 7 பாகங்களுக்கு மட்டும்.

இன்னும் பழைய கதை ஒண்டு இருக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவு ஒவ்வொரு 50 மணித்தியாலப் பறப்புக்கும் விமானங்களைக் கழற்றிச் சோதிச்சது. கொன்ராட் வாடிங்டன் எண்ட உயிரியல் விஞ்ஞானி (ஓம், உயிரியல்) பழுதுகளை எண்ணிப் பார்த்தார். சோதனை முடிஞ்ச உடனதான் பழுது ஆகக் கூட, பிறகு மணித்தியாலம் போகப் போகக் குறைஞ்சு வந்திருக்கு. நல்லா இருந்த பொருளைக் கழற்றிப் பூட்டினது பழுதைக் கொண்டு வந்திருக்கு. ஒயில் மாத்தின அடுத்த நாள் கீழ சொட்டுற காரைப் பார்த்தவைக்கு இது புதினமில்லை.

காரும் விமானமும் ஒண்டில்லை. விமானத்தில் ஒண்டு பழுதானால் மற்றது இருக்கும், எங்களிட்ட எஞ்சின் ஒண்டுதான். ஆனால் அவையின்ர கேள்விகளை அப்பிடியே எடுக்கலாம். இது போனால் என்ன நடக்கும்: உயிரா, எஞ்சினா, சிரமம் மட்டுமா? இது வயசால பழுதாகிற சாமானா? பழுதாக முதல் கண்ணுக்கோ காதுக்கோ தெரியுமா? இரப்பரும் திரவமும் எப்பவும் வயசாகிற பக்கம். எலெக்ரோனிக்ஸ் பெரும்பாலும் மற்றப் பக்கம்.

ஒரு பேப்பரை எடுத்துப் பார்ப்பம்

உதாரணத்துக்கு 2016 ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டின பி.எம்.டபிள்யூ 320 டீ, ஒட்டோமற்றிக், 140,000 கிலோமீட்டர். பிரெவென்டிவோவில் இருக்கக்கூடிய வரிகள்: எஞ்சின் ஒயிலும் வடியும், காற்று வடி, உள்காற்று வடி, டீசல் வடி, பிரேக் ஒயில், பின் பிரேக் பாட், எஞ்சின் உள்கழுவல், எரிபொருள் சேர்மானம், ஏ.சி. கிருமிநீக்கம்.

எஞ்சின் ஒயில்: போனால் எஞ்சின் போகும், வயசாகிற சாமான், கண்ணால பார்த்து விளங்காது. கேள்வியே இல்லை, செய்யோணும். எங்கட நகர ஓட்டத்துக்கு 15,000 அல்லது ஒரு வருஷம் எண்டுதான் நான் வைப்பன். விலையைவிட முக்கியம் ஒயிலின்ர அங்கீகார இலக்கம். 5 டபிள்யூ 30 எண்டு மட்டும் எழுதியிருந்தால் போதாது. இந்தக் காருக்கு லோங்லைஃப் 04. மெர்சிடீஸ் டீசலுக்கு 229.51 அல்லது 229.52, அவுடி டீசலுக்கு 507 00. உங்கட எஞ்சினுக்கு எது எண்டு கையேட்டில் இருக்கும். அந்த இலக்கம் ஃபத்தூராவில் வரோணும்.

வடிகளில் கன நேரம் நிக்கத் தேவையில்லை. சிரொக்கோ அடிச்சு சகாரா மண் காரில் படிஞ்ச நாளைக்கு உள்காற்று வடியைக் கழற்றிப் பாருங்கோ, நிறமே சொல்லும். கனக்கக் கார்களில் அது நீங்களே பத்து நிமிஷத்தில் மாத்தக்கூடிய வேலை, யூடியூப் போதும். டீசல் வடி கையேட்டுக் கணக்குப்படி.

பிரேக் ஒயில்தான் எங்கட ஆக்கள் ஆகக் கூடுதலா வெட்டுற வரி. "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" எண்டு. அது காற்றில இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற திரவம். டொட் 4 தரத்தின்படி புதுத் திரவத்தின் கொதிநிலை குறைஞ்சது 230 பாகை; 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்தத் தரம் கேட்கிறது 155 பாகைதான். இப்ப மொந்தே பெல்லெக்ரினோவை நினைச்சுப் பாருங்கோ. சுமார் 600 மீட்டர் மலை. சாந்தா ரொசாலியா கோயிலுக்கு அம்மா, அப்பா, அம்மம்மா, தம்பி எல்லாரையும் ஏத்திக்கொண்டு போறம். இறங்கேக்க வளைவுக்கு வளைவு பிரேக். ஒரு காலத்தில் மலையேறும் கார்ப் பந்தயமே நடந்த ரோட்டு அது. அங்க தகடு சூடேறித் திரவம் கொதிச்சால் குழாய்க்குள்ள ஆவி வரும். ஆவி நசியும், திரவம் நசியாது. மிதி தரை வரைக்கும் போகும், கார் நிக்காது. கீழ நகரத்தில் ஓடுற வரைக்கும் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருந்த பழுது இது. 2 வருஷத்துக்கு ஒருக்கா மாத்துற செலவு பெரிசில்லை, விலைகூடின காருக்கும் சாதாரண காருக்கும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். (எப்பிடியும் அந்த இறக்கத்தில் கியரைக் குறைச்சு ஓடுங்கோ.)

பின் பிரேக் பாட்: சென்சர் இருக்கு, கண்ணாலும் பார்க்கலாம். "எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?" எண்டு கேளுங்கோ. எண் சொல்லாமல் "மாத்தினால் நல்லது" எண்டால் காட்டச் சொல்லுங்கோ.

கடைசி மூண்டு வரி: உள்கழுவல், சேர்மானம், கிருமிநீக்கம். இவை கொம்பனியின்ர பராமரிப்பு அட்டவணையில் இருக்கா எண்டு கேளுங்கோ. ஏ.சி. மணத்தால் வாறது சிரமம் மட்டும், மணந்தால் செய்யலாம். ஒயில் காலத்துக்கு மாத்தின எஞ்சினைக் கழுவத் தேவையில்லை. மாத்தாமல் விட்ட எஞ்சினைக் கழுவினால் கழண்ட அழுக்கு எங்க போய் அடைக்கும் எண்டு ஒருத்தரும் உத்தரவாதம் தர மாட்டினம். நான் மூண்டையும் வெட்டுவன்.

பேப்பரில் இல்லாத இரண்டு வரி

ஒண்டு, கியர்பொக்ஸ் ஒயில். மேல சொன்ன, திரையில் வராத சாமான் இதுதான். இந்தக் காரில் இருக்கிற 8 கியர் ஒட்டோமற்றிக் பெட்டியை பி.எம்.டபிள்யூ செய்யயில்லை, ஜெர்மனியில் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இருக்கிற இசட்.எஃப். செய்யுது. அதுக்குள்ள இருக்கிற ஒயில் "லைஃப்டைம்" எண்டு கார்க் கொம்பனி சொல்லும். பெட்டியைச் செய்த இசட்.எஃப். அதே பெட்டிக்கு, ஓட்டத்தைப் பொறுத்து 80,000 தொடக்கம் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்தில் மாத்தச் சொல்லுது. அதுக்கான ஒயிலும் வடியும் சேர்ந்த பொதியை விக்குது. செய்தவன் சொல்லுறதை நான் கேட்பன். லைஃப்டைம் எண்டது முதல் சொந்தக்காரரின் லைஃப்டைமாத்தான் இருக்கும் போல. 140,000 இல் இதைச் செய்யாமல் விட்டிட்டு எரிபொருள் சேர்மானத்துக்குக் காசு கொடுக்கிறது ஓட்டை வாளிக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி. ஆனால் இது தெருமுனை வேலை இல்லை: ஒயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கேக்க, எஞ்சின் ஓட ஓட அளவு பார்க்கோணும். கியர்பொக்ஸ் மட்டும் செய்யிற இடத்தைத் தேடுங்கோ. கியர் ஏற்கனவே வழுக்குது எண்டால் புது ஒயில் அதைக் காப்பாத்தாது, அதையும் தெரிஞ்சுகொண்டு போங்கோ.

இரண்டாவது, திரும்ப அழைப்பு, இத்தாலியனில் ரிக்கியாமோ. 2018 ஓகஸ்ட்டில் பி.எம்.டபிள்யூ ஐரோப்பாவில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் கார்களைத் திரும்ப அழைச்சது. புகையை மீள்சுழற்சி செய்யிற பகுதியின் குளிர்விப்பானில் திரவம் கசிஞ்சு, கரியோட சேர்ந்து, தீப்பிடிக்கக்கூடிய குறை. நாலு சிலிண்டர் எஞ்சின்களில் 2015 ஏப்ரல் தொடக்கம் 2016 செப்ரெம்பர் வரைக்கும் கட்டினவை அதில் வந்தது. எங்கட உதாரணக் கார் சரியா அதுக்குள்ள விழுது. முதல் ஆள் செய்தாரோ இல்லையோ தெரியாது. கடிதம் அவரின்ர பழைய விலாசத்துக்குப் போயிருக்கும். காரின்ர தெலாயோ இலக்கத்தைக் கொம்பனி இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கோ. செய்யாமல் இருந்தால், எத்தனையாம் கைக் கார் எண்டாலும் இலவசமாச் செய்து தருவினம். இதுக்கு மட்டும் கொன்செசியொனாரியோவுக்குப் போகத்தான் வேணும்.

எங்க கொண்டு போறது

"வெளியில சேர்விஸ் செய்தால் கரன்சியா போயிடும்" எண்டு சொல்லிப் பயப்படுத்துவினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 ஆம் ஆண்டு 461 ஆம் இலக்க ஒழுங்குவிதியும் அதோட வந்த வழிகாட்டலும் அதுக்கு எதிராத்தான் நிக்குது: காலமுறைச் சேர்விஸைச் சுயாதீன கராஜில் செய்த ஒரே காரணத்துக்காகக் கொம்பனி உத்தரவாதத்தை மறுக்கிறதை அது ஏற்கிறதில்லை. கராஜ் செய்த பிழையால் வந்த பழுது எண்டால் அது வேற விஷயம். இந்த விதிகள் 2028 மே 31 வரைக்கும் நீடிச்சிருக்கு. இதுக்கு முந்தின 2002 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை இத்தாலியில் இப்பவும் "மோந்தி" எண்டு சொல்லுவினம். பிறகு பிரதமரா வந்த மாரியோ மோந்தி அப்ப ஐரோப்பாவின் போட்டிச் சட்ட ஆணையாளர். கவுண்டரில் அந்தப் பேரைச் சொன்னாலே கதை மாறும்.

ஆனாலும் கார் நாலு வருஷத்துக்கு உட்பட்டது எண்டால் நான் கொன்செசியொனாரியோவிலதான் செய்வன். உத்தரவாதம் முடிஞ்ச கையோட பெரிய பழுது வந்தால் கொம்பனி பாதிச் செலவை ஏற்கலாம், அது உரிமையில்லை, தயவு. முழுச் சேர்விஸும் தங்களிட்ட செய்த ஆளுக்குத்தான் அந்தத் தயவு கூட வரும். அதைத் தாண்டின கார்களுக்கு அந்த மார்க்கை மட்டும் செய்யிற சுயாதீன மெக்கானிகோ போதும். ஃபத்தூராவில் திகதி, கிலோமீட்டர், ஒயில் இலக்கம், பாக இலக்கம் நாலும் வரோணும். காசாத் தந்தால் குறைக்கிறன் எண்டு ஃபத்தூரா இல்லாமல் செய்தால், நீங்கள் அந்தச் சேர்விஸைச் செய்ததுக்கு ஆதாரமே இல்லை.

வாங்க முதல் இன்னொண்டு. கிலோமீட்டரே பொய் எண்டால் மேல சொன்ன கணக்கெல்லாம் பொய். போர்த்தாலே தெல்லவுத்தோமொபிலிஸ்தா தளத்தில் நம்பர்ப் பலகையைப் போட்டால் கடைசி ரெவிசியோனேயில் பதிஞ்ச கிலோமீட்டரைப் பார்க்கலாம். அதைவிடக் குறைவா இப்ப மீற்றர் காட்டினால், காரைப் பார்க்கிறதை அதோட நிப்பாட்டுங்கோ.

வெட்டின வரிகளின் காசு என்ன ஆகோணும் எண்டதுக்கும் விமானக்காரரின்ர அறிக்கையில் வழி இருக்கு. வயசெல்லை இல்லாத பாகங்களை முன்கூட்டி மாத்திப் பயனில்லை. அது போற நாளைக்குக் கையில் காசு இருக்கோணும். காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள மெர்சிடீஸ், பழைய ரேர்போ, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி: இதெல்லாம் அட்டவணையில் வராது, ஆனால் வரும். கார் வாங்கேக்க மலிஞ்ச விலையில் வந்தது, பாகங்கள் அது புதுசா இருக்கேக்க இருந்த விலையிலதான் நிக்குது. வீட்டில் அம்மா சீட்டுக் கட்டுற மாதிரி, காருக்கு எண்டு மாசம் ஒரு தொகையை வேறா வையுங்கோ. அந்தத் தொகையை வைக்க ஏலாது எண்டால், அந்தக் காரை வாங்க முதலே அப்பாவிட்ட சொல்ல வேண்டிய கணக்கு அது.

அடுத்த எபிசோட்டுக்கு உங்கட பிரெவென்டிவோக்களைப் படமெடுத்து அனுப்புங்கோ. நம்பர்ப் பலகை, பேர், கராஜின்ர பேர் மூண்டையும் மறைச்சு விடுங்கோ. காரின்ர வருஷம், எஞ்சின், கிலோமீட்டர், ஒரு கிழமையில் எவ்வளவு தூரம் ஓடுறீங்கள் எண்டதை எழுதுங்கோ. மூண்டை எடுத்து வரி வரியாப் பார்ப்பம்.